எழுந்து சிரிக்கும் ஷாட்

என் மனைவி ஒரு படத்தில் பிணமாக நடித்தாள். ஒரு நாள் வேலைதான். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனது எனக்குத்தான்.

அப்போது கொடைக்கானலில் மூஞ்சிக்கல் பக்கம் பழைய சாமான் கடை வைத்திருந்தேன். பங்களா காலி செய்கிறவர்கள் ஆள் விட்டுக் கூப்பிடுவார்கள். போய் அள்ளி வருவேன். கட்டில், கம்பளி, தையல் மிஷின், பித்தளை விளக்கு. அதோடு கேமராவும் வரும். எல்லோரும் டிஜிட்டலுக்கு மாறிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. பிலிம் கேமராவைச் சீண்ட ஆள் இல்லை. சும்மாவே கொடுத்தார்கள். நானும் சும்மாவே வாங்கிப் போட்டேன்.

கேமராவை விட லென்ஸை வைத்துக் காப்பாற்றுவதுதான் கஷ்டம். கொடைக்கானல் ஈரத்துக்குக் கண்ணாடிக்குள் பூசணம் பிடித்துவிடும். ஒரு மரப்பெட்டியில் போட்டு, உள்ளே ஜீரோ வாட் பல்பு ஒன்றை எரியவிட்டிருந்தேன். பக்கத்து ஸ்டுடியோக்காரர் சொல்லித்தந்த வழி. சூடு இருந்தால் பூசணம் வராது. பெட்டியைத் திறந்தால் கண் கண்ணாக மின்னும். வாங்கத்தான் ஆள் இல்லை.

ஒரு நாள் மதுரையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். படிப்பு முடித்து மீசை முறுக்கும் வயது. ஒருவர் டைரக்டர், மற்றவர் கேமராமேன். இரண்டு பேருக்கும் அதுதான் முதல் படம்.

"அண்ணே, பழைய ஸ்க்ரூ லென்ஸ் இருக்காமே?"

"பெட்டில கெடக்கு. பாத்து எடுத்துக்கங்க. கீழ போட்ராதீங்க."

கேமராமேன் தம்பி ஒவ்வொன்றாக எடுத்து வாசலுக்குப் போய் வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். வளையத்தைத் திருகினார். ஊதினார். ஓர் ஐம்பது எம்எம் லென்ஸைக் கீழே வைக்க மனம் வரவில்லை அவருக்கு. பையிலிருந்து புதுக் கேமரா ஒன்றை எடுத்தார். போட்டோ எடுப்பதுதான், ஆனால் சினிமாவும் எடுக்குமாம். அதன் வாயில் ஓர் இரும்பு வளையத்தை மாட்டி, பழைய லென்ஸை அதில் திருகினார். சரியாக உட்கார்ந்தது.

"புதுக் கேமராவுக்குப் புது லென்ஸு வராதா?" என்று கேட்டேன்.

"வரும்ணே. அதுக்கு லைட்டு நெறைய வேணும். லைட்டுக்கு வாடகை குடுக்குறவன் இங்க எதுக்கு வர்றான்? இது இருட்டுலயும் பாக்கும்."

"பூனையா?"

"பூனையேதான்."

டைரக்டர் தம்பி சிரித்தார். "புதுக் கண்ணாடி எல்லாத்தையும் காட்டிக் குடுத்துரும்ணே. இது கொஞ்சம் மறைக்கும். எங்க படத்துல மறைக்க வேண்டியதுதான் அதிகம்."

என்னை நிற்க வைத்து, கேமராவுக்குப் பின்னால் இருக்கும் சின்னத் திரையைத் திருப்பிக் காட்டினார்கள். அதில் நான் மட்டும் இருந்தேன். எனக்குப் பின்னால் இருந்த கட்டில், டப்பா, துரு எல்லாம் பாலில் கரைந்த மாதிரி இருந்தது. என் கடை அவ்வளவு லட்சணமாக இருந்து நான் பார்த்ததில்லை.

லென்ஸை வாங்கிக்கொண்டார்கள். ஜீப்பும் நான்தான் பிடித்துக் கொடுத்தேன். இடமும் என் மூலமாகத்தான் அமைந்தது. தாண்டிக்குடிப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் வேலையாட்களுக்காக வரிசையாகக் கட்டிய லயன் வீடுகள் ஆள் குடியில்லாமல் கிடந்தன. அங்கே காவலுக்கு இருந்தவர் என் மனைவிக்குச் சொந்தம். அவள் சிலோனில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அங்கிருந்து திருப்பி அனுப்பிய குடும்பங்களோடு சின்னப் பிள்ளையாகக் கப்பலில் வந்தவள். மலையில் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் அவளுக்கு ஒரு சொந்தம் இருக்கும். சமையலுக்கு அவளே வருவதாக ஏற்பாடு.

படத்தின் கதை சின்னது. தோட்டத்தில் ஒரு பெண் சாகிறாள். புருஷன் வெளியூர் வேலைக்குப் போயிருக்கிறான். அவன் வரும் வரை பிணம் காத்துக்கிடக்கிறது. அவ்வளவுதான்.

பிணமாக நடிக்க வத்தலக்குண்டிலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டி வந்திருந்தார்கள். வளைவெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தது. வந்து இறங்கியதும் வாசலில் பாடை கட்டியிருப்பதைப் பார்த்தது. மாட்டேன் என்றுவிட்டது.

"இப்பத்தாங்க கல்யாணம் ஆச்சு. எங்க மாமியாருக்குத் தெரிஞ்சா கொன்னே போட்ரும்."

"அப்ப நடிக்கவே வேணாமே, நெசமாவே கெடக்கலாமே," என்றாள் என் மனைவி அடுப்படியிலிருந்து.

டைரக்டர் தம்பி படியில் உட்கார்ந்துவிட்டார். கேமரா வாடகைக் கேமரா. வேறு ஆள் தேட நேரமில்லை. என் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"சும்மா படுத்துக் கெடக்கணும், அம்புட்டுத்தானே? நான் கெடக்குறேன். கல்யாணம் ஆனதுலருந்து யாரு என்னைய நிம்மதியாப் படுக்க விட்டா?"

"வேணாம்," என்றேன்.

"ஏன் வேணாம்?"

காரணம் தெரியவில்லை.

ஒப்பாரி வைக்க ஒரு நாடகக்கார அம்மா வந்திருந்தார். அவரும் வத்தலக்குண்டுதான். ஊர் ஊராக மேடை ஏறியவர். சினிமாவிலும் கூட்டத்தில் ஒருத்தியாக நின்றிருக்கிறார். அவர் டைரக்டரைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"தம்பி, பொணமா நடிக்கிறவ எந்திரிச்சு உக்காந்து கேமராவப் பாத்துச் சிரிக்கணும். அதையும் எடுக்கணும். எடுக்காமப் பொட்டிய மூடக் கூடாது, அவ உசுருக்கு ஆகாது."

"தெரியும்மா. எல்லாப் படத்துலயும் செய்யுறதுதான். எடுத்துருவோம்."

"எடுத்துருவோம்னு சொல்லாத. எடு."

அவளைப் படுக்க வைத்தார்கள். தாடை தொங்காமல் நாடியைச் சேர்த்துத் தலையோடு வெள்ளைத் துணி கட்டினார்கள். நெற்றியில் ஒரு காசு. கால் பெருவிரல்களைச் சேர்த்து ஒரு கட்டு. தலைமாட்டில் விளக்கு, படி நெல். வெளிச்சத்துக்கு அந்த விளக்கும் ஒரு சன்னலும்தான். அதற்குத்தான் அந்த ஐம்பது எம்எம். குளிரில் உள்ளே இருக்கும் கிரீஸ் இறுகி வளையம் திரும்பவில்லை. கேமராமேன் தம்பி லென்ஸைக் கழற்றிச் சட்டைக்குள் அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தார். பிறகு திரும்பியது.

எனக்கு ஒரு சோலியும் இல்லை. அவருக்குப் பின்னால் போய் நின்றேன். நிற்காமல் இருந்திருக்கலாம்.

கண்ணால் பார்த்தால் அந்த அறையில் எல்லாம் இருந்தது. டீ கேன், ஒயர், வாசலில் பாக்கு மெல்லும் ஜீப் டிரைவர், நடுவில் என் பெண்டாட்டி படுத்துக்கொண்டு மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறாள். சின்னத் திரையில் பார்த்தால் அறையே இல்லை. சுவர் கரைந்துவிட்டது. ஆட்கள் கரைந்துவிட்டார்கள். விளக்குச் சுடர் ஒரு வட்டமாக மிதந்தது. முகம் மட்டும் இருந்தது. அது செத்த முகம்.

கேமராமேன் தம்பி வளையத்தை மெதுவாகத் திருப்பினார். முகம் மங்கிப் போய்த் திரும்பி வந்தது. மறுபடியும் போனது. இந்தத் தடவை அவர் திரும்பக் கொண்டுவரவில்லை. அப்படியே விட்டார். நாடகக்கார அம்மா அழுத அழுகையில் டிரைவர் மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"கட்," என்றார் டைரக்டர்.

அவள் ஒரு கண்ணைத் திறந்தாள். "டீ ஆறிருச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நன்றாகத்தான் சிரித்தாள். ஆனால் கேமரா அணைந்திருந்தது. லென்ஸ் கேமராமேன் கையில் இருந்தது. வளையம் மறுபடி இறுகிவிட்டதாம். அக்குளில் வைத்தால் நேரமாகும் என்று அடுப்படிக்குக் கொண்டுபோய் டீ கொதிக்கும் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். கீழ்நாட்டுக்காரர், மலைக்குளிர் பழகாதவர். சில்லிட்ட கண்ணாடி ஆவிக்கு என்ன ஆகும் என்று அவருக்குத் தோன்றவில்லை. வைத்து, திரும்ப எடுத்துப் பார்த்தால் உள்ளுக்குள்ளே வேர்த்துவிட்டது. துடைக்க வழியில்லை. உள்பக்கம்.

"வேற லென்ஸப் போட்டு எடுத்துரலாமா?" என்றார் டைரக்டர்.

நாடகக்கார அம்மா தலையை ஆட்டினார். "எந்தக் கண்ணு இவளப் பொணமாப் பாத்துச்சோ அந்தக் கண்ணுதான் உசுரோட பாக்கணும்."

காத்திருந்தோம். அவள் நாடிக்கட்டை அவிழ்க்காமலேயே உட்கார்ந்து டீ குடித்தாள். லென்ஸ் தெளியவில்லை. அதற்குள் மூட்டம் இறங்கிவிட்டது. முற்றம் போனது, காப்பிச் செடி போனது, சன்னலில் வெள்ளைதான் இருந்தது. வெளிச்சமும் போனது.

"காலையில வெள்ளனே எடுத்துருவோம்மா. மொத வேலை அதான்," என்றார் டைரக்டர்.

காலையில் நாங்கள் எழுந்தபோது ஜீப்பும் இல்லை, தம்பிகளும் இல்லை. கேமராவுக்குச் சொந்தக்காரர் கூப்பிட்டாராம். ஒரு கல்யாணத்துக்கு வேண்டும், உடனே இறக்கு என்றாராம். காவல்காரரிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். நாடகக்கார அம்மா மடியிலிருந்து திருநீறு எடுத்து என் மனைவிக்குப் பூசினார். அவர் ஏதாவது பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்தோம். அவள் எப்போதும் போல இருந்தாள். சோறாக்கினாள், விறகு கட்டினாள், சந்தைக்குப் போனாள், சண்டை போட்டாள். ஒரு தும்மல்கூட இல்லை.

எனக்குத்தான். காலையில் டீயை நீட்டுவாள். நிமிர்ந்து பார்ப்பேன். அவளுக்குப் பின்னால் இருக்கும் பலகை, சட்டி, சுவர் எல்லாம் கரையும். முகம் மட்டும் நிற்கும். நாடிக்கட்டோடு நிற்கும். சந்தையிலிருந்து மூட்டத்தில் ஏறி வருவாள். மலையில் மூட்டம் வந்தால் ஆளுக்குப் பின்னால் ஒன்றும் இருக்காது. அதே மாதிரி இருக்கும். அதனால் பார்ப்பதை நிறுத்தினேன். அவள் கையைப் பார்த்துப் பேசினேன். காலைப் பார்த்துப் பேசினேன். கதவைப் பார்த்தும் பேசினேன். பேச்சே குறைவு என்பதால் அது பெரிய கஷ்டமாக இல்லை.

அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

"யாருகிட்டப் பேசுறீங்க? கதவுக்கா சோறு வேணும்?"

நான் தட்டை இழுத்து வைத்துக்கொண்டேன்.

"சரி, ஒண்ணு கேக்குறேன். என்னையப் பாக்காமச் சொல்லுங்க. மூக்குத்தி போட்ருக்கேனா, கழட்டிருக்கேனா?"

யோசித்தேன். "போட்ருக்க."

"அத அடகு வச்சு மழைக்கு முந்தி கூரைத் தகரம் மாத்துனோம். நீங்கதான் வேர்க்க வேர்க்க ஆணி அடிச்சீங்க. கூரை தெரியுது. மூக்கு தெரியல."

அப்புறம்தான் சொன்னேன். எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"நான் செத்துருவேன்னு எனக்குப் பயமில்ல. எப்பவோ ஒரு நாள் சாவத்தான் போறேன். உசுரோட இருக்கையிலயே நீங்க எனக்கு எழவு காத்துக்கிட்டு இருக்கீங்க பாருங்க, அதத்தான் தாங்க முடியல. வெளங்குதா?"

"ம்."

"அந்தச் சிரிப்ப எடுத்துருவோம். அதே லென்ஸுல. சுருக்காக் கெளம்புங்க."

பஸ்ஸில் மதுரைக்குப் போனோம். டைரக்டர் தம்பிக்கு ஒரு சந்தில் மொட்டை மாடி அறை. கம்ப்யூட்டரில் படத்தை வெட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்தார். படத்தைக் காட்டவா என்றார். நான் வெளியே தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்விட்டேன். அவள் உட்கார்ந்து பார்த்தாள். உள்ளேயிருந்து நாடகக்கார அம்மாவின் அழுகை கேட்டது. அது முடிந்ததும் அவள் வெளியே வந்தாள்.

"நல்லாத்தான் செத்துருக்கேன்," என்றாள்.

விஷயத்தைச் சொன்னோம். அவர் ஒன்றும் கேலி செய்யவில்லை. கேமராமேன் தம்பிக்குப் போன் போட்டார். அவர் சாயங்காலம் ஒரு காதுகுத்துக்குப் போக வேண்டியவர், கேமராவோடே வந்தார். அந்த ஐம்பது எம்எம்மும் இருந்தது. வெயிலுக்கு நேரே பிடித்து எனக்குக் காட்டினார். ஓரத்தில் பூசணம் ஓடியிருந்தது. வெள்ளை வேர் மாதிரி மெல்லிய இழைகள் கண்ணாடிக்குள் நடுவைப் பார்த்துப் போயிருந்தன.

"அன்னிக்கு உள்ள போன ஈரம்ணே. அப்பறம் காயவே இல்ல. படம் விழும், பயமில்ல."

மாடியில் உச்சி வெயில். கொடியில் யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள்.

"அக்கா, இந்தச் சேர்ல உக்காந்து ஒரு சிரிப்புச் சிரிச்சாப் போதும்," என்றார் டைரக்டர்.

"படுத்தாத்தானேப்பா எந்திரிக்க முடியும்?"

அறையிலிருந்து பாயை எடுத்து வந்து விரித்துப் படுத்தாள். என் தோளில் இருந்த துண்டைக் கேட்டாள்.

"நாடியக் கட்டுங்க."

கட்டினேன். தோட்டத்திலிருந்து வந்த பிறகு அவள் முகத்தை அப்போதுதான் தொட்டேன். வெயிலில் சூடாக இருந்தது.

"இறுக்காதீங்க. பேச முடியல," என்றாள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டாள்.

கேமராமேன் தம்பி குனிந்தார். ஓடுகிறது என்றார்.

"எந்திரிங்கக்கா," என்றார் டைரக்டர்.

அவள் எழவில்லை.

"அக்கா?"

கொடியில் துணி படபடத்தது. டைரக்டர் என்னைப் பார்த்தார். நான் கேமராமேனுக்குப் பின்னால் போய்ச் சின்னத் திரையைப் பார்த்தேன். வெயிலில் எல்லாம் வெளுத்துப்போயிருந்தது. தொட்டி இல்லை, கொடி இல்லை, மதுரை இல்லை. முகம் மட்டும். மார்பு அசைகிறதா என்று தெரியவில்லை, அந்த லென்ஸ் மார்பு வரைக்கும் தெளிவாகக் காட்டாது.

"ஏய்," என்றேன்.

எழவில்லை.

"இந்தா... எந்திரி."

இல்லை. நான் அவளை ஏய் என்றும் இந்தா என்றும்தான் கூப்பிட்டுப் பழக்கம். கட்டிய நாளிலிருந்து அப்படித்தான். திரையைப் பார்த்துக்கொண்டே அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். சத்தம் கீழ்வீடு வரை போயிருக்கும்.

கண்ணைத் திறந்தாள். துண்டை அவிழ்த்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். நேரே லென்ஸைப் பார்த்தாள்.

"கூப்புட இம்புட்டு நேரமா?" என்றாள். அப்புறம் சிரித்தாள்.

திரையில் அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். அவள் வாயில் ஒரு பல் வரிசை தப்பி இருக்கும். அதுவும் தெரிந்தது.

கேமராமேன் தம்பி கேமராவைத் தூக்கிக்கொண்டு வெயிலுக்கு ஒதுங்கி அறைக்குள் போனார். டைரக்டர் தம்பி கீழே ஓடிப்போய் டீ வாங்கி வந்தார். டம்ளரோடு அவள் கேமராமேன் பக்கத்தில் போய் நின்றாள்.

"எங்க தம்பி, நான் சிரிச்சதக் காட்டுங்க."

அவர் பொத்தானை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். கேமராவைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தார். முகம் மாறியது.

"அக்கா... சாயங்காலம் காதுகுத்துக்குக் கார்டு காலியா வேணும்னு... அதுல இருந்தத எல்லாம் இப்பத்தான் அழிச்சேன்க்கா. படத்துக்கு வேண்டாத ஷாட்டுதானேன்னு கை அதுபாட்டுக்கு..."

"கூறுகெட்டவனே," என்றார் டைரக்டர். "அவங்க எங்கிருந்து எதுக்கு வந்துருக்காங்க? நீ எத அழிச்ச?"

"வெளிய வாங்கக்கா. ரெண்டே நிமிஷம். திரும்ப எடுத்துருவோம்," என்றார் கேமராமேன் தம்பி.

அவள் டீயைக் குடித்து முடித்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள்.

"வேணாம்யா. செத்தவ ஒரு தடவதான் எந்திரிக்கலாம். அதுக்கு மேல எந்திரிச்சா அது பேயி."

டைரக்டர் தம்பி சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. "எடுத்தாச்சுல்லக்கா. சாங்கியத்துக்கு அது போதாதா?" என்றார். யாருக்கும் தெரியாது.

திரும்பும்போது வத்தலக்குண்டில் இறங்கினோம். அவள்தான் இறங்கச் சொன்னாள். நாடகக்கார அம்மா வீட்டைக் கேட்டுக் கேட்டுப் போனோம். வாசலில் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்தார். அவள் நடந்ததையெல்லாம் சொன்னாள். அவர் நாரை விரலில் சுற்றியபடி கேட்டார்.

"எங்க காலத்துலயும் அந்தச் சிரிப்பப் படத்துல சேக்க மாட்டாங்க. வெட்டிக் கீழ போட்ருவாங்க. ஆனா சுருளு கீழயாச்சும் கெடக்கும். இது எங்க போச்சு?"

"எங்கயும் போகலயாம்மா. இல்லாமப் போச்சாம்."

"கொஞ்சங்கூட இல்லையா?"

"இல்லையாம்."

"பொணமாக் கெடந்தது?"

"அது இருக்கு. நான் பாத்தேன். பத்திரமா இருக்கு."

அவர் கட்டுவதை நிறுத்தினார். கொஞ்ச நேரம் என் மனைவி முகத்தையே பார்த்தார். "அப்பத் தோசம் கழிஞ்சுச்சான்னு எனக்குத் தெரியலயேம்மா," என்றார். கட்டிய சரத்தில் ஒரு முழம் கிள்ளி அவள் தலையில் வைத்துவிட்டார்.

மலை பஸ்ஸில் இடம் கிடைத்தது. அவள் சன்னலோரம் உட்கார்ந்தாள். அடிவாரம் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டாள். தலை கம்பியில் இடித்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

"அந்தம்மாவ எழுப்புங்கண்ணே, தலைய வெளிய விட்ரப் போறாங்க," என்றார் கண்டக்டர்.

"கொடைக்கானல் ரெண்டு," என்றேன்.

கம்பிக்கும் அவள் தலைக்கும் நடுவில் என் கையை வைத்தேன். வளைவுக்கு வளைவு தலையின் பாரம் கையில் ஏறி இறங்கியது. வெளியே மூட்டம் ஆரம்பித்தது. மரம் போனது, பள்ளம் போனது. அவள் முகத்துக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை கண்ணை எடுக்கவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிடலாமா என்று இருந்தது. ஊர் நெருங்கட்டும், பெருமாள்மலை வரட்டும், அதுவரை தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.